முட்டிக்குக் கரண்ட் வைக்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 58 வயசு. விடியக்காலம் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போவாங்க, மத்த நேரம் வீட்ல உக்காந்து பூக் கட்டுவாங்க. ரெண்டு முட்டியும் தேய்மானம்னு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிட்டாங்க. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பத்து நாள் கரண்ட் வச்சோம். வச்ச அன்னைக்கு நல்லா நடக்குறாங்க, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிங்கிற கதைதான். கரண்ட் நரம்பைக் கெடுத்துருமா? இல்ல இதெல்லாம் ஏமாத்து வேலையா? சொந்தமா ஒரு பெட்டி வாங்கிரலாமா?"

தம்பி, நான் மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, பார்க்கிறேன். இந்த மூன்று கேள்வியும் வாரத்துக்கு நாலு தடவை என் மேஜைக்கு வரும். கரண்ட் நரம்பைக் கெடுக்காது. ஏமாற்று வேலையும் இல்லை. பெட்டி தாராளமாக வாங்கலாம். ஆனால் வலி அடங்கியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா என்ன செய்கிறார் என்பதில்தான் முட்டியின் கதி இருக்கிறது. பத்து நாளும் அம்மா படுத்திருந்தார், கரண்ட் ஓடியது, எழுந்து வீட்டுக்கு வந்தார். அப்படித்தானே? மறுநாள் வலி திரும்பியதற்குக் காரணம் அதிலேயே இருக்கிறது. ஏன் என்று விளக்க, வலி எப்படிப் பயணப்படுகிறது என்பதிலிருந்து வரவேண்டும். கொஞ்சம் நீளும்.

முதலில் நரம்பு என்ற சொல். நம் ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்றால் அது இரத்தக் குழாய். கெண்டைக்காலில் "நரம்பு சுருட்டிக்கிருச்சு" என்றாலும் இரத்தக் குழாய். குதிகாலுக்கு மேலே "நரம்பு இழுக்குது" என்றால் அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். யாழின் தந்திக்கும் பழந்தமிழில் நரம்பு என்றே பெயர். இத்தனையும் ஒரே சொல்லுக்குள் கிடப்பதால், கரண்ட் வைத்தால் நரம்பு தளர்ந்துவிடும், இறுகிவிடும், வற்றிவிடும் என்று ஆளுக்கொரு பயம் வருகிறது. நான் இங்கே பேசுவது செய்தி சுமக்கும் நரம்பைப் பற்றி மட்டும். அது இறுகுவதும் இல்லை, தளர்வதும் இல்லை. அதன் வேலையே மின்சாரம்தான்.

ஒவ்வொரு நரம்பிழையின் உட்பக்கமும் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டல் வந்ததும் இழையின் சுவரில் உள்ள நுண்கதவுகள் திறந்து வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயும். அந்த இடத்தில் அழுத்தம் ஒரு கணம் தலைகீழாகும். அது பக்கத்து இடத்தைத் தூண்டும், அது அடுத்ததை. இப்படியே துடிப்பு ஓடும். 1952 இல் இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு உதவியது கணவாய். அதன் உடம்பில் ஓடும் ஒரு நரம்பிழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடிமன், உள்ளே மின்முனையை நுழைத்து அளக்கலாம். 1963 இல் நோபல் பரிசு. இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: துடிப்பு பெரிது, சிறிது என்று கிடையாது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு. வலி கூடுகிறது என்றால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருங்கி வருகின்றன, இன்னும் பல இழைகள் சேர்ந்து அனுப்புகின்றன என்று பொருள்.

இனி ஒரு சின்ன விபத்து. இருட்டில் எழுந்து போகும்போது வாசப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்கிறீர்கள். அந்த ஒரு விநாடியை நிதானமாக நினைத்துப் பாருங்கள். முதலில் எதிலோ பட்டுவிட்டது என்று தெரியும். உடனே சுரீர் என்று ஒன்று. "அம்மா" என்று காலைத் தூக்கிவிடுவீர்கள். பிறகு ஒரு சின்ன இடைவெளி. "அப்பாடா, பெரிய அடி இல்லை" என்று நினைப்பதற்குள் அடியிலிருந்து கடுகடுவென்று கடுப்பு ஏறும். அது லேசில் போகாது.

மூன்றும் மூன்று வகை இழைகள் வழியே வந்தவை. தொடுகையைச் சுமப்பது தடித்த இழை. அதன் மேல் கொழுப்புறை நன்றாகச் சுற்றியிருக்கும். விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகம். இதை ஏ-பீட்டா என்பார்கள். சுரீர் என்பதைச் சுமப்பது மெல்லிய உறை போட்ட ஏ-டெல்டா, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். கடுப்பைச் சுமப்பது உறையே இல்லாத சி இழை. விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். கால்விரலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். அதனால்தான் அந்த ஒரு விநாடி இடைவெளி.

இதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. சுரீர், குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது என வலிக்கு நம் மொழியில் இத்தனை சொல் இருக்கிறது. நோயாளி எந்தச் சொல்லை எடுக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். சுரீரும் கடுப்பும் வெவ்வேறு இழை. விண்விண் என்று தெறித்தால் அழற்சி, வீக்கம். எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கிறதோ என்று பார்க்கவேண்டும். கனடாவின் ரொனால்ட் மெல்சாக் நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தி, 1975 இல் ஒரு வினாத்தாளாகவே வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். "எப்படி வலிக்குது?" என்று கேளுங்கள். கால் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு என்றால் அது முட்டித் தேய்மானத்தின் பேச்சு இல்லை.

அந்த மெல்சாக்தான் இந்தக் கதையின் நடுநாயகமும். வாசப்படியில் இடித்ததும் உங்கள் கை தானாக விரலைப் பிடித்துத் தேய்க்கிறதே, ஏன்? தேய்த்தால் வலி குறைகிறது. குழந்தை விழுந்தால் ஊதி, நீவிவிட்டால் அழுகை நிற்கிறது. வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராகப் போகும் மணிக்கயிறு மாதிரி என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அப்படியென்றால் தேய்ப்பதால் ஏன் குறையவேண்டும்? 1965 இல் மெல்சாக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்ரிக் வாலும் சயன்ஸ் இதழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். தண்டுவடத்தின் பின்பகுதியில், நரம்புகள் உள்ளே நுழையும் இடத்தில், ஒரு வாயில் இருக்கிறது. எந்தச் செய்தி எவ்வளவு மேலே போகவேண்டும் என்பது அங்கே முடிவாகிறது.

வாயில் என்பதைவிட மடை என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறது. மடையைத் திறந்தால்தான் வயலுக்கு வரும். மடை திறக்கிறவர் தன் இஷ்டத்துக்குத் திறப்பதில்லை. வயலிலிருந்து ஒரு குரல், ஊரிலிருந்து ஒரு குரல், இரண்டையும் கேட்டுத்தான் திறப்பார், அடைப்பார். முட்டியிலிருந்து வரும் மெல்லிய இழைகள் "திற" என்கின்றன. தொடுகை சுமக்கும் தடித்த இழைகள் அங்கே உள்ள அடக்கும் நரம்பணுக்களைத் தூண்டி "அடை" என்கின்றன. மேலே மூளைத்தண்டிலிருந்தும் கட்டளை இறங்குகிறது. திருவிழாக் கூட்டத்தில் காலில் கண்ணாடி குத்தியது வீட்டுக்கு வந்து இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது என்றால், மேலிருந்து மடையை அடைத்துவைத்திருந்தார்கள் என்று பொருள். தூக்கமில்லாத இரவில், கடன் கவலையில், அதே வலி இரட்டிப்பாகத் தெரிந்தால் மேலிருந்தே மடை திறந்துவிடப்பட்டிருக்கிறது. மெல்சாக்கும் வாலும் வரைந்து காட்டிய இணைப்புகளில் சில பின்னாளில் திருத்தப்பட்டன. வழியிலேயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

இப்போது கரண்டுக்கு வருகிறேன். தேய்ப்பதால் தடித்த இழைகள் தூண்டப்பட்டு மடை அடைபடுகிறது என்றால், அதே இழைகளை மின்சாரத்தால் தூண்டினால்? வாலும் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே மின்முனை வைத்துப் பார்த்தார்கள். பிறகு கடும் நாள்பட்ட வலியோடு இருந்த எட்டு பேருக்கு, விநாடிக்கு 100 துடிப்பு என்ற கணக்கில் கொடுத்தார்கள். குறுகுறுப்பு தெரியும்வரை மட்டுமே ஏற்றினார்கள். கரண்ட் ஓடும்போது, முன்பு தொட்டாலே துடித்த இடத்தை அழுத்தினாலும் வலிக்கவில்லை. நாலு பேருக்கு இரண்டு நிமிடத் தூண்டலுக்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் நிம்மதி நீடித்தது. 1967 இல் இதை வெளியிட்டார்கள். இரண்டு நிமிடம், அரைமணி நேரம். உங்கள் அம்மாவுக்கு "வச்ச அன்னைக்கு மட்டும்" நன்றாக இருப்பது பழுது இல்லை தம்பி, இந்த வைத்தியத்தின் இயல்பே அதுதான்.

அதே 1967 இல் நார்மன் ஷீலி என்பவர் தண்டுவடத்தின் மேலேயே மின்முனை பதிக்கும் அறுவையைச் செய்தார். யாருக்கு அது பலிக்கும் என்று முன்கூட்டியே சோதிக்க, தோலுக்கு மேல் வைக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். சிலருக்கு அந்தச் சோதனைக் கருவியே போதும் என்று தெரியவந்தது. இன்று கடையில் விற்கும் டென்ஸ் (TENS) பெட்டியின், அதாவது தோலுக்கு மேலிருந்தே நரம்பைத் தூண்டும் சின்னக் கருவியின், வம்சாவளி இதுதான். இன்னும் பின்னால் போனால், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். கால் மரத்துப்போகும்வரை ஈரக் கடற்கரையில் மீன்மேல் காலை வைத்து நிற்கவேண்டும்.

பெட்டியில் வருவது வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரம் இல்லை. பெரும்பாலான கையடக்கப் பெட்டிகள் பேட்டரியில் ஓடுபவை. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று இரண்டு பங்கு நேரம்தான் இருக்கும். இவ்வளவு குறுகிய துடிப்புக்கு முதலில் விழித்துக்கொள்வது தடித்த இழைதான், அதைத் தூண்டக் குறைந்த மின்னோட்டம் போதும். வலி சுமக்கும் மெல்லிய இழைகளைத் தொட இன்னும் நிறைய ஏற்றவேண்டும். இந்த இடைவெளியில்தான் முழு வைத்தியமும் நடக்கிறது.

சோழவந்தான் பக்கமிருந்து நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்தார். முதல் நாள். கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முட்டியைச் சுற்றி, கரண்டைத் தோலுக்குக் கொண்டுபோகும் ஜெல் பட்டைகள் நாலை ஒட்டிவிட்டுக் குமிழை மெல்லத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். "எறும்பு ஊருறாப்புல இருக்குய்யா." இன்னும் கொஞ்சம். "இப்ப நெறைய ஊருது." தொடைத் தசை லேசாகத் துள்ளியது. அங்கே நிறுத்தி ஒரு புள்ளி இறக்கினேன். "எறும்பு ஊரணும் ஆத்தா, கடிக்கக் கூடாது" என்றேன். விரல்கள் கட்டிலை விட்டன. எல்லாருக்கும் நான் சொல்லும் அளவு அதுதான். ஊர்வதே தெரியாமல் வைத்தால் பலன் இல்லை. கடிக்கும்வரை ஏற்றினால் வலி இழைகளையே தூண்டுகிறீர்கள். "ஏத்துங்க, தாங்கிக்கிருவேன்" என்று சிலர் சொல்வார்கள். இதில் தாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஐந்து பத்து நிமிடத்தில் குறுகுறுப்பு பழகி மங்கும். அப்போது எறும்பு திரும்ப ஊரும் அளவுக்கு மட்டும் ஏற்றினால் போதும்.

விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதும் முக்கியம். 80 முதல் 120 வரை வைத்தால் மடை அடைக்கும் வேலை. வலி சீக்கிரம் குறையும், கரண்ட் நின்றதும் சீக்கிரம் திரும்பவும் செய்யும். 2 முதல் 10 வரை, தசை துள்ளும் அளவுக்கு வைத்தால் வேறு ஒரு பாதையும் திறக்கிறது. உடம்பு தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்கள் வெளிவருகின்றன. பலன் மெதுவாக வரும், சற்று நேரம் நிற்கும். தினமும் ஒரே அளவு, ஒரே வேகத்தில் வைத்தால் உடம்பு பழகிப்போகிறது. எலிகளில் நாலைந்து நாளிலேயே பலன் மங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வேகத்தை மாற்றி மாற்றி வைக்கவேண்டும். காபியில் உள்ள காஃபீனும் டென்ஸின் பலனைக் குறைக்கிறது என்று ஒரு சிறு சோதனை காட்டியது. கரண்ட் வைப்பதற்கு முன்னால் காபி வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

மதுரையில் பெரும்பாலும் வைப்பது டென்ஸ் இல்லை, ஐஎஃப்டி (IFT) என்ற பெரிய எந்திரம். அம்மாவுக்கும் அதுவாகத்தான் இருக்கும். நாலு பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஒரு ஜோடியில் விநாடிக்கு 4000 அலை, மறு ஜோடியில் 4100 அலை என்று அனுப்புவார்கள். வேகம் கூடினால் தோல் எதிர்ப்பது குறையும், அதனால் உறுத்தாமல் உள்ளே இறங்கும். இரண்டு நாயனம் சுருதி இம்மி விலகி ஊதினால் ஓசை அலை அலையாக ஏறி இறங்குமே, அதுபோல இரண்டும் சந்திக்கும் இடத்தில் விநாடிக்கு 100 என்ற அலை பிறக்கும். 1950களில் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் நெமெக் கொண்டுவந்த முறை. பெரிய எந்திரம் என்பதால் பெரிய வைத்தியம் என்று நினைத்துவிடவேண்டாம். நரம்புக்குப் போய்ச் சேருவது கிட்டத்தட்ட அதே செய்திதான். முகவாதத்துக்குத் தசையைத் துடிக்கவைக்க வைக்கும் கரண்ட் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, அம்மாவின் முட்டி. எக்ஸ்ரேயில் தேய்ந்ததாகக் காட்டும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அது தேய்வது வலிக்காது. வலிப்பது அதன் அடியில் உள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய சவ்வும், உறையும், தசைநார்களும்தான். அதனால்தான் படத்தில் படுமோசமான முட்டியோடு ஒருவர் அழகர்கோயிலுக்கு நடந்தே போகிறார், படம் சுமாராக இருக்கும் இன்னொருவர் மாடிப்படி ஏறமுடியாமல் அழுகிறார். சவ்வு வீங்கினால் அங்கே சுரக்கும் பொருள்கள் நரம்பு நுனியைக் கூர்மையாக்குகின்றன. நுனியில் வெப்பத்தை உணரும் ஒரு நுண்கதவு இருக்கிறது. வழக்கமாக 43 டிகிரி செல்சியஸில்தான் திறக்கும். மிளகாயின் காரமும் அதே கதவைத்தான் திறக்கிறது, மிளகாய் கிள்ளிய கை தீயில் வைத்ததுபோல எரிவது அதனால்தான். 1997 இல் டேவிட் ஜூலியஸ் இதைக் கண்டுபிடித்தார், 2021 இல் நோபல் பரிசு பெற்றார். வீக்கம் இருந்தால் இந்தக் கதவு உடம்புச் சூட்டுக்கே திறக்கத் தொடங்கிவிடும். வருஷக்கணக்கில் வலி நீடித்தால் தண்டுவடமும் கூர்மையாகிவிடுகிறது. 1983 இல் கிளிஃபர்ட் உல்ஃப் காட்டியது அது. மடைப்பலகை உளுத்துப்போய் எப்போதும் கசிகிற நிலை.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. முட்டி வலித்தால், வீங்கினால், தண்டுவடம் முன்தொடைத் தசையை அடக்கிவைக்கிறது. அம்மா எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழுமூச்சாக இறுகாது. மாதக்கணக்கில் தசை சூம்பும். முட்டிக்கு அதிர்வு தாங்கியாக இருப்பதே அந்தத் தசைதான். அது சூம்பினால் ஒவ்வொரு அடியும் மூட்டில் இறங்கும், வலி கூடும், தசை இன்னும் அடங்கும். கரண்ட் ஓடும்போது இந்த அடக்கம் தளர்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது அந்த அரைமணி நேரத்தில் தசை விழித்திருக்கிறது. அந்த நேரத்தில் நாம் அம்மாவைக் கண்ணை மூடிப் படுக்கவைக்கிறோம்! பத்து நாளுக்கு ஒரு தொகை வாங்கி, இருபது நிமிடம் கரண்ட் மட்டும் ஓட்டி அனுப்புவது பாதி வைத்தியம். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்து வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. 381 ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் பிஎம்ஜே ஓபன் என்ற மருத்துவ இதழில் வந்த அலசலில், டென்ஸ் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது, பெரிய கெடுதி இல்லை என்று முடிவு வந்தது. அதே 2022 இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு டென்ஸ், ஐஎஃப்டி எதையும் கொடுக்கவேண்டாம், போதுமான ஆதாரம் இல்லை என்று வழிகாட்டியில் எழுதியது. உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சை என்றும் சொன்னது. இரண்டும் மோதிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஓடும்போது வலி குறைகிறதா என்பது ஒரு கேள்வி. அதனால் முட்டி தேறுகிறதா என்பது இன்னொரு கேள்வி.

ஆக, அம்மாவுக்கு இப்படிச் செய்யுங்கள். பட்டையை ஒட்டும் முன் முட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். நம்மவர்கள் தைலமோ நல்லெண்ணெயோ தடவிக்கொண்டே வருவார்கள், எண்ணெய் மேல் பட்டை ஒட்டாது, கரண்ட் ஒரு ஓரமாகப் பாய்ந்து சுள்ளென்று கடிக்கும். முட்டிச்சிப்பியின் மேலே இரண்டு பக்கமும், கீழே இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். எறும்பு ஊரும் அளவுக்கு வைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பத்து தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் வாரம் ஐந்து தடவை எழுந்தாலே போதும். காலையும் மாலையும் செய்யவேண்டும். ஆறேழு வாரம் ஆகும், அதற்கு முன்னால் சலித்துக்கொள்ளக் கூடாது. பூக் கட்டும்போது சம்மணம் வேண்டாம், ஸ்டூலில் உட்கார்ந்து பூவை ஒரு மேடையில் வைத்துக் கட்டட்டும். மடக்கிய முட்டியில்தான் சிப்பிக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் அதிகம். உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் ஏறும் சுமை நாலு கிலோ குறைகிறது.

பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. செல்லூரில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவர், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, தானே பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு "எவ்வளவு ஏத்துனாலும் தெரியல, பெட்டி ரிப்பேரா பாருங்க" என்று எடுத்து வந்தார். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டேன். "தொட்டதும் சொல்லுங்க" என்றேன். தொட்டேன், மறுபடி தொட்டேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். கெண்டைக்கால் பாதிக்கு வந்தபோதுதான் "ஆங், இப்ப" என்றார். குதிகாலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த கொப்புளம் ஒன்று, அவருக்கே தெரியாமல், ஆறிக்கொண்டிருந்தது. உணர்ச்சி செத்த தோலில் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்ல ஆளில்லை, அங்கே வைக்கவே கூடாது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், கண், புண், புற்றுக்கட்டி, இரத்தம் உறைந்த கால், இங்கெல்லாம் கூடாது. வலிப்பு நோய் இருப்பவர்களுக்குத் தலை, கழுத்துப் பக்கம் வேண்டாம். ஒட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. கழற்றும் முன் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பட்டையைப் பிரிக்கவேண்டும்.

வாங்கினால் நாலு பட்டை போடக்கூடிய இரட்டை வழிப் பெட்டியாக, துடிப்பின் வேகத்தை நாமே மாற்றக்கூடியதாக வாங்குங்கள். ஜெல் பட்டை காய்ந்தால் மாற்றவேண்டும், காய்ந்த பட்டையும் கடிக்கும். செலவு கட்டுப்படியாகாது என்றால் கிராம செவிலியரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் செய்வதும் சேர்ந்திருக்கிறது. துண்டும் நாற்காலியும் போட்டுச் செய்யும் பயிற்சிக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

முட்டி திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் பருத்து வலித்தாலோ கரண்டும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி அம்மா அந்தப் பஞ்சுச் சோதனையில் என்ன சொன்னார், வலிக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று எழுதுங்கள் தம்பி, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.